வன்னி மரத்தடியில் படுத்திருக்கும் குட்டி அநாதை இல்லை

ஓமானின் நடுப் பாலைவனத்தில் வேலை பார்க்கும் தமிழ்த் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிகளே,

வணக்கம். 2006 முதல் 2017 வரை ஹைமாவுக்கும் துக்முக்கும் இடையில் தண்ணீர் டேங்கர் ஓட்டியவன் நான். இப்போது முதுகுளத்தூர் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. நான் ஓட்டிய தடத்தில் இன்று நீங்கள் ஓட்டுகிறீர்கள், நான் படுத்த கேம்பில் நீங்கள் படுக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் என் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். கேம்ப் ரூமில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு மான்குட்டி நிற்கிறது. கழுத்தில் சிவப்பு ரிப்பன், முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட். "ரூமுக்குப் புது ஆள் வந்திருக்கு மாமா" என்று எழுதியிருந்தான். உடனே போன் போட்டேன். எடுத்து மூன்று நாள் ஆகிவிட்டது என்றான். அங்கே இருக்கிற வனவுயிர்க் காப்பகத்து ஆட்களிடம் கொடுத்துவிடு என்றதற்கு, கேஸ் ஆகிவிடுமோ, விசா போய்விடுமோ என்று பயந்தான். நான் விடவில்லை. கடைசியில் ஃபோர்மேனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் ஒப்படைத்தான். குட்டி பிழைத்ததா என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

அன்று போனில் அவனுக்கு ஏன் என்று விளக்க முடியவில்லை. கோபத்தில் பாதி, பதற்றத்தில் பாதி பேசினேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இதே காட்சியை நான் 2009இல் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் கேம்பில் எண்ணெய் ரிக் வேலை பார்த்த ஒரு அண்ணன், நாகப்பட்டினத்துக்காரர், ஒரு மாலை பிக்கப்பில் திரும்பும்போது மடியில் ஒரு குட்டியோடு வந்தார். மரத்தடியில் தனியாகக் கிடந்ததாம், பக்கத்தில் போயும் ஓடவில்லையாம், தாய் விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று தூக்கி வந்துவிட்டார். ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியில் வெங்காயச் சாக்கை மடித்துப் போட்டுப் படுக்கை செய்தோம். 'தோம்' என்றுதான் எழுதவேண்டும், நானும் கூட நின்றேன். அதன் குளம்பு என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தரையில் விட்டால் வழவழப்பில் நான்கு காலும் நான்கு பக்கம் போகும். காது மட்டும் பெரிது. ஏசி சத்தத்துக்கு ஒருமுறை, கதவு சத்தத்துக்கு ஒருமுறை என்று அந்தக் காதுகள் திரும்பிக்கொண்டே இருந்தன. வாயால் ஒரு சத்தமும் போடவில்லை.

பால்பவுடரைக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஊட்டினார் அண்ணன். அவருக்கு ஊரில் ஒரு மகள். பிறந்தபோது பார்த்ததோடு சரி, இரண்டு வருடமாக லீவு கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரையே குட்டிக்கு வைத்தார். முதல் இரண்டு நாள் குடித்தது. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் தலையைத் தூக்கவில்லை. ஐந்தாம் நாள் விடியும் முன்னே போய்விட்டது. ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. சைட் பொறுப்பில் இருந்தவருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்கும். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த மரத்தைத் தாண்டி வண்டி ஓட்டிப் போனேன். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெண் மான் நின்றது. வண்டியைப் பார்த்து ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி மரத்தை நோக்கி நான்கு எட்டு வைத்தது. அதுதான் தாயா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மரத்தடியை என்னால் அதற்குப் பிறகு சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த மான் இனங்களில் தாய் ஈன்ற குட்டியைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிவதில்லை. நிழலில், கல்லோரத்தில், புதரோரத்தில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகிறது. பால் கொடுக்க மட்டும் வந்து போகிறது. எப்போதும் பக்கத்திலேயே நின்றால் ஓநாய்க்கும் நரிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். குட்டியும் ஆள் அரவம் கேட்டால் ஓடாது, தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அசையாமல் கிடப்பதுதான் அதற்கு இருக்கிற ஒரே தற்காப்பு. நாம் அதைப் பார்த்து, பாவம், ஓடக்கூடத் தெம்பில்லை என்று தூக்கிவிடுகிறோம். தாய் எங்கேயோ தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும் ஒரு குட்டியின் உயிரும் ஆயின. உங்களுக்கு இந்த மடலைப் படிக்கிற நேரம் போதும்.

நாம் வேலை பார்க்கிற அந்தச் சமவெளிக்கு ஜித்தத் அல் ஹராசிஸ் என்று பெயர். ஹராசிஸ் மக்களின் மண் அது. ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்கிறவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது அரபி இல்லை, ஹர்சூசி என்று தனி மொழி, பேசுகிறவர்களே மிகக் குறைவு. நாம் மொத்தமாக 'பதூ', பாலைவனத்து நாடோடி, என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாத இடம். ஆனால் அரபிக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். விடியற்காலை டேங்கரை நிறுத்தி இறங்கியவர்களுக்குத் தெரியும், மரத்தடியில் நின்றால் மழை நின்ற பிறகு சொட்டுமே, அப்படிச் சொட்டும். அந்த ஈரத்தில்தான் அங்கே புல் இருக்கிறது, அந்தப் புல்லில்தான் எல்லா உயிரும் ஓடுகிறது.

சொட்டுகிற அந்த மரத்தை அவர்கள் காஃப் என்பார்கள். நம்ம ஊர் வன்னிதான் அது. கோயில்களில் தலமரமாக நிற்கிற, விஜயதசமிக்குப் பலர் கும்பிடுகிற அதே வன்னி. ஊரில் சீமைக்கருவேலத்தைப் பார்த்து வளர்ந்த நான், முதலில் அதையும் ஏதோ வேலிமரம் என்றே நினைத்தேன். எங்கள் கேம்ப் சமையல்காரர், திருநெல்வேலிக்காரர், ஒரு கொத்து இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு "டேய், இது வன்னிடா" என்றார். அன்றிலிருந்து அந்த மரத்தடியில் யாராவது சிறுநீர் கழித்தால் எனக்குக் கோபம் வரும்.

மஹா என்கிற விலங்கைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். வெள்ளை உடம்பு, கறுத்த கால், நேராக நீண்ட இரண்டு கொம்பு. அரேபிய ஓரிக்ஸ் என்று உலகம் சொல்வது அதைத்தான். ஓமானில் பெட்ரோல் பங்க் பலகையில்கூட அந்தப் பெயர் கண்ணில் படுவதால், அது எப்போதும் அங்கே சாதாரணமாக இருந்துவருவதாக நினைப்போம். 1972 அக்டோபரில் உலகத்தின் கடைசிக் காட்டு மஹாக்கள் கொல்லப்பட்டது நாம் வண்டி ஓட்டுகிற இதே ஜித்தத் அல் ஹராசிஸில். வெளியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். மேடு பள்ளமில்லாத சமவெளியில் வெள்ளை நிறம் மைல் கணக்கில் தெரியும். ஒட்டகத்தில் வந்த காலத்தில் அது ஓடித் தப்பித்தது. பிக்கப்பும் தானியங்கித் துப்பாக்கியும் வந்தபிறகு ஒளிய இடமில்லை. அந்த நாளுக்குப் பிறகு காட்டில் ஒன்றுகூட இல்லை.

பத்து வருடம் முன்னதாகவே சிலர் இது நடக்கும் என்று பயந்திருந்தார்கள். 1962இல் பிரிட்டனின் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, இன்று ஏமன் இருக்கிற பக்கத்துக்கு ஆள் அனுப்பி, கிடைத்த சிலவற்றை உயிரோடு பிடித்து வந்தது. அதில் மிஞ்சியவை மூன்று. லண்டன் விலங்குக் காட்சிசாலை ஒன்று கொடுத்தது, குவைத்திலிருந்து ஒன்று, சவூதி மன்னரிடமிருந்து நான்கு. ஆக ஒன்பது. அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக் காட்சிசாலையில், வெயிலும் வறட்சியும் கிட்டத்தட்ட இங்கே மாதிரி இருப்பதால், கொண்டுபோய் வளர்த்தார்கள். அந்த ஒன்பது பெருகியது. 1970களின் கடைசியில் ஓமான் சுல்தான் காபூஸ் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார். 1980இல் சில விலங்குகள் விமானத்தில் வந்து இறங்கின. அந்தச் சமவெளியிலேயே ஜாலூனி என்ற இடத்தில் வேலிக்குள் வைத்துப் பழக்கி, 1982 ஜனவரி 31 அன்று முதல் கூட்டத்தைத் திறந்துவிட்டார்கள். காவலுக்கு ஹராசிஸ் மக்களையே வேலைக்கு எடுத்தார்கள்.

2014இல் காப்பகத்துக்குத் தண்ணீர் இறக்கப் போயிருந்தேன். குழாய் மாட்டிவிட்டு நிற்கையில் ஒரு ஹராசிஸ் பெரியவர் சுலைமானி, அதுதான் பால் போடாத டீ, கொடுத்தார். என் அரபி அரைகுறை, அவருக்கு அது போதுமாக இருந்தது. வேலிக்கு அந்தப்புறம் பனி விலகிக்கொண்டிருந்தது. முதலில் கால்கள்தான் தெரிந்தன, உடம்பில்லாத கறுப்புக் கால்கள். அப்புறம் பனிக்குள்ளிருந்தே பிரிந்து வந்த மாதிரி வெள்ளை உடம்பு. ஐந்தோ ஆறோ இருக்கும். நனைந்த புல்லை மெல்ல மெல்ல மேய்ந்தன. பெரியவர் கையை நீட்டி ஒவ்வொன்றாகச் சுட்டி, இது இன்னாரின் மகள், அது இன்னாரின் பேத்தி என்று சொல்லிக்கொண்டே போனார். ஊரில் எங்கள் அப்பத்தா மாட்டுக் கொட்டகையில் நின்று சொல்வாள், அதே தொனி. மாதக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும், எங்கோ மழை பெய்தால் தெரிந்துகொண்டு அந்தத் திசையில் நடக்கும் என்றார்.

நான் கேட்டேன், இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஏன் வேலிக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று. அவர் பேச்சை நிறுத்திவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். 1994இல் அந்த இடம் முழுவதும், 27,500 சதுர கிலோமீட்டர், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 1996இல் வெளியே திரிந்த மஹாக்கள் 450 வாக்கில் இருந்தன. அதே ஆண்டு திருட்டு ஆரம்பித்தது. இந்தமுறை வந்தவர்களுக்குக் கறியோ தோலோ வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில், பண்ணையில் வைத்துப் பார்க்க உயிரோடு வேண்டியிருந்தது. எல்லை தாண்டி வாங்குகிற ஆள் இருந்தார்கள், நல்ல விலை இருந்தது. விரட்டிப் பிடித்து, கட்டி, வண்டியில் ஏற்றுவார்கள். பெண்ணுக்கும் குட்டிக்கும்தான் கிராக்கி. ஓடிக் களைத்தே செத்தவை எத்தனையோ. காட்டில் எஞ்சியவற்றில் ஆண்களே அதிகம் என்றானது. கடைசியில் மீதமிருந்ததில் பலவற்றைக் காப்பகத்தாரே பிடித்துத் திரும்ப வேலிக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2007இல் 65 மட்டும், அதில் இனப்பெருக்கம் செய்யக்கூடிய இணைகள் நான்கோ என்னவோ. அதே ஆண்டு, எண்ணெய் தேடுவதற்காகக் காப்பகத்தின் பரப்பை அரசு 90 விழுக்காடு குறைத்தது. யுனெஸ்கோ பட்டியலிலிருந்து அந்த இடத்தை எடுத்துவிட்டது. உலகத்தில் அப்படி முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் அதுதான்.

எண்ணெய்க்காகக் குறைத்த பரப்பில்தான் நமக்கு வேலை கிடைத்தது, தோழர்களே. இதை எழுதும்போது எனக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது, என் வீட்டுக்கு ஓடு மாற்றிக் காங்கிரீட் போட்டேன். அந்த முடிவை எடுத்தது நாம் இல்லை, அதை மாற்றும் இடத்திலும் நாம் இல்லை. ஆனால் உயிரோடு பிடித்துப் போகிற திருட்டு என்று சொன்னேனே, அது வேறு. அதில் நம் கைக்கும் இடம் இருக்கிறது. ஆப்பிள் பெட்டியில் நாங்கள் வைத்த குட்டியும், எல்லை தாண்டிய வண்டியில் கட்டிக் கிடந்த மஹாவும் எனக்கு இன்று ஒரே கணக்கில்தான் வருகின்றன. அவர்கள் பணத்துக்குச் செய்தார்கள், நாங்கள் பாசத்துக்குச் செய்தோம். அந்தச் சமவெளியிலிருந்து ஒன்று குறைந்தது இரண்டு இடத்திலும் நடந்தது.

இன்று நிலைமை மோசமில்லை என்பதையும் சொல்லவேண்டும். காப்பகத்துக்கு இப்போது அல் வுஸ்தா வனவுயிர்க் காப்பகம் என்று பெயர். வேலிக்குள் மஹாக்கள் நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கின்றன. சவூதி, அமீரகம் என்று மற்ற நாடுகளும் திறந்துவிட்டிருக்கின்றன. எந்த உயிர் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று கணக்கு வைக்கிற உலகச் சிவப்புப் பட்டியலில் 'காட்டில் அற்றுவிட்டது' என்ற நிலையில் கிடந்த விலங்கை, 1986இல் 'அருகியது' என்றும், 2011இல் அதற்கும் ஒரு படி கீழான 'அழிவாய்ப்புள்ளது' என்றும் மாற்றினார்கள். அற்றுப்போனது என்று எழுதிய பெயர் அவ்வளவு தூரம் மீண்டது அதுவே முதல்முறை. உலகம் முழுக்கக் காட்டில் இருப்பவை ஆயிரம் சொச்சம்தான். ஒரு நடுத்தரக் கேம்பில் இருக்கிற ஆள் எண்ணிக்கை.

மான்களுக்கு இந்த அளவு கவனிப்பு இல்லை. அதனால்தான் அவற்றுக்காகவே முக்கியமாக எழுதுகிறேன். நாம் பார்ப்பவை இரண்டு வகை. பழுப்பு நிறத்தில், விலாவில் கறுப்புக் கோடு ஓடுவது அரேபிய மான். வெளிறிய, முகம் வெளுத்த, மணல் நிறத்தது ரீம். இரண்டும் 'அழிவாய்ப்புள்ளது' என்ற வரிசையில்தான் இருக்கின்றன. இவற்றை வெள்ளிக்கிழமை வேட்டைக்கும் கறிக்கும் அடிக்கிறார்கள், குட்டியை விற்கிறார்கள். ஓமானின் வனவுயிர்ச் சட்டம் 2003ஆம் ஆண்டினது. கொல்வது, பிடிப்பது, கடத்துவது எல்லாவற்றுக்கும் சிறையும் அபராதமும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அண்ணனுக்கும் என் அக்கா மகனுக்கும் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் ஹெல்மெட் போடு, சீட் பெல்ட் போடு என்று மணிக்கணக்கில் வகுப்பு எடுத்தார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை.

சரி, நான் கேட்பது என்ன?

குட்டி கண்ணில் பட்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். இறங்கிவிட்டால் தொடாதீர்கள். படம் எடுக்கக்கூட நிற்கவேண்டாம், நீங்கள் நிற்கிற வரைக்கும் தாய் வராது. அடிபட்டிருந்தால், அல்லது பக்கத்திலேயே தாய் செத்துக் கிடந்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு காப்பகத்து ரேஞ்சர்களிடமோ போலீஸ் நிலையத்திலோ சொல்லுங்கள். அரபி வராவிட்டால் ஃபோர்மேனை வைத்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே யாராவது ரூமில் வைத்திருந்தால், தம்பிகளே, இன்றைக்கே ஒப்படையுங்கள். ஒவ்வொரு நாளும் அதற்கு முக்கியம்.

கறி விஷயம். எந்தக் கேம்பில் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரிந்திருக்கும், நள்ளிரவில் பிக்கப் வரும், 'காட்டு ஆடு' என்று சொல்லி விற்பார்கள். வாங்காதீர்கள். ஆட்டுக்கறி ஹைமாவிலேயே கிடைக்கிறது. வாங்குகிற கை இல்லையென்றால் ராத்திரியில் விளக்கடித்துச் சுடுகிறவன் வேறு வேலை பார்ப்பான்.

மெஸ்ஸில் வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. மீந்த சோற்றை கேம்புக்குப் பின்னால் கொட்டுகிறோம். வாயில்லாச் சீவன் தின்னட்டும் என்ற நல்லெண்ணம்தான். முதலில் நரி வரும், காக்கை வரும், அப்புறம் நாய் வரும். வேலை முடிந்து கேம்பைப் பிரித்துக்கொண்டு நாம் போய்விடுவோம். நாய்கள் அங்கேயே நிற்கும். பசி எடுத்தால் கூட்டமாகச் சேர்ந்து மானை விரட்டும். பூனைக்கும் இதே கதை. அங்கே மணல் நிறத்தில் ஒரு காட்டுப்பூனை இனம் இருக்கிறது. நாம் விட்டுவிட்டுப் போகிற வீட்டுப்பூனையோடு கலந்து கலந்து அந்த இனமே கரைந்துகொண்டிருக்கிறது. சோற்றைக் குழி வெட்டி மூடுங்கள், பிளாஸ்டிக்கைத் தனியாகக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பையை விழுங்கிச் செத்த ஒட்டகத்தின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். தலையணை அளவுக்குக் கட்டியாக இருந்தது. அந்த ஒட்டகத்துக்குச் சொந்தக்காரர் நம்மைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

சர்வே, பைப்லைன் வேலைக்காரர்கள் வெட்டிய குழியை மூடாமல் அடுத்த சைட்டுக்குப் போகாதீர்கள்.

நம்ம ஓட்டுநர்களுக்கு நிறையச் சொல்லலாம், ஒன்று மட்டும் சொல்கிறேன். போட்ட தடத்தை விட்டு இறங்காதீர்கள். சரளை மண்ணின் மேல்தோல் ஒருமுறை உடைந்தால் சீக்கிரம் கூடாது. நான் முதல் வருடம் குறுக்கே ஓட்டிய தடம் பதினோராம் வருடமும் அப்படியே கிடந்தது. பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய், புல் முளைக்கிற நிலத்தில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.

மஸ்கட் பக்கம் வேலை பார்ப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஹஜர் மலையில் ஒரு வரையாடு இருக்கிறது. அந்த மலைத்தொடரைத் தவிர, ஓமானிலும் அமீரகத்திலும் சேர்த்து, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 'அருகிய இனம்' என்ற வரிசையில் இருக்கிறது. வேட்டையும், மலையில் மேயவிட்ட வீட்டாடுகளோடு புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டியும்தான் காரணம். நம் நீலகிரி வரையாட்டையும், இமயத்து வரையாட்டையும், இதையும் ஒரே பேரினம் என்றே நீண்ட காலம் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணு பார்த்துத்தான் மூன்றும் வேறு வேறு என்று பிரித்தார்கள். 1894இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ஓர் இந்தியரின் பெயரைச் சூட்டினார்கள். ஆத்மாராம் ஜெயகர், மஸ்கட்டில் வேலை பார்த்த மருத்துவர். நம்மைப் போலப் பிழைக்கப் போனவர். வைத்தியம் பார்த்த நேரம் போக மீன் சேர்த்தார், பல்லி சேர்த்தார், ஓமான் மக்களின் பழமொழிகளைத் திரட்டினார். ஒரு பல்லிக்கும் ஒரு கடல்குதிரைக்கும்கூட அவர் பெயர் இருக்கிறது. அந்த ஊருக்கு வேலைக்குப் போன நம்மவர் ஒருவர் அங்கே இப்படி ஒரு தடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்த நாள் நான் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாரல் பார்க்க சலாலாவுக்குப் போகிறவர்கள் ஜபல் சம்ஹான் மலைப் பக்கம் குப்பை போடாமல், சத்தம் போடாமல் வாருங்கள். அரேபியச் சிறுத்தைக்கு மிச்சமிருக்கிற கடைசிச் சில இடங்களில் அது ஒன்று. உலகத்தில் காட்டில் இருப்பவை 200க்கும் கீழே. நம்மில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. கோடிக்கரை அளவு பிரபலமில்லாத எத்தனையோ இடங்களை ஊரில் நாம் குப்பையாக்கியதை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. கழுதைப்புலி, ஓநாய், காதில் கறுப்புக் குஞ்சம் வைத்த கேரகல் என்ற காட்டுப்பூனை இவையெல்லாம் கண்ணில் பட்டால் கல்லெடுக்காதீர்கள். ஆட்டைத் தின்னும் என்று மேய்ப்பவர்கள் விஷம் வைக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் ஒரு நியாயமாவது இருக்கிறது, அவர்கள் ஆடு போகிறது. நமக்கு அங்கே ஆடு இல்லை. நம்ம மசினகுடிப் பக்கம் இருக்கிற அதே வரிக் கழுதைப்புலிதான் அங்கேயும் இருப்பது. செத்ததைத் தின்று இடத்தைச் சுத்தமாக வைக்கிற பிராணி.

நமக்கே ஆயிரம் கஷ்டம், இதில் மானையும் மாட்டையும் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். ஐம்பது டிகிரி வெயில், ஆறு மாதச் சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட் கையில் இல்லாத நிலை, எல்லாம் நானும் பட்டவன். அந்த அண்ணன் குட்டியைத் தூக்கி வந்ததும் அந்தத் தனிமையில்தான். தொட்டுப் பேச ஒரு உயிர் வேண்டியிருந்தது அவருக்கு. அவரைக் குற்றவாளி என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் வேறு ஒரு வழி இருந்தது. அதே அண்ணன் அடுத்த வருடம் முதல், சாயங்காலம் கேம்ப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தூரத்தில் மேயும் மான்களை எண்ணுவார். டைரியில் தேதி போட்டு எழுதுவார். நாலு, ஏழு, இன்று இல்லை, ஒன்பது, அதில் குட்டி இரண்டு. மகளிடம் போனில் அந்தக் கணக்கைச் சொல்வார். அந்தப் பிள்ளை ஊரிலிருந்து "இன்னைக்கு எத்தனைப்பா?" என்று கேட்பதை ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கிறது. ரேஞ்சர்கள் கொஞ்சம் பேர், பாலைவனம் பெரிது. இரவும் பகலும் அந்தத் தடங்களில் ஓடிக்கொண்டிருப்பது நாம்தான். விளக்கை அணைத்துக்கொண்டு சுற்றுகிற பிக்கப்பை முதலில் பார்ப்பதும் நாம்தான். பார்த்தால் சொல்லுங்கள். பெயர் சொல்லவேண்டிய அவசியமில்லை, இடத்தையும் நேரத்தையும் சொன்னால் போதும்.

கடைசியாக, துக்ம் பக்கமிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிற டேங்கர் ஓட்டுநர்களுக்கு மட்டும். தார் ரோட்டிலிருந்து இறங்கிப் பழைய ரிக் தடத்தில் திரும்பினால், நாற்பது நிமிடத்தில் ஒரு பள்ளம் வரும், நடுவில் ஒற்றை வன்னி. தெற்குப் பக்கக் கிளை ஒன்று முறிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மரத்தை ஒட்டி இடது பக்கமாக ஒரு குறுக்குத் தடம் போகிறது. அது நான் போட்டது. அதில் போகாதீர்கள். வலது பக்கம் மேட்டைச் சுற்றிப் போனால் ஆறு நிமிடம் கூட ஆகும். மார்ச், ஏப்ரலில் போனால் அந்த மேட்டில் ஏறும்போது ஹாரன் அடிக்கவேண்டாம்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்தத் தடத்தில் ஓட்டியவன்
முதுகுளத்தூர்